புள்ளிக் கணக்கும் பொருட் கணக்கும்: வெளியிடத்தில் வீடியோ எடுக்கக் கமராவா, கைத்தொலைபேசியா?



கோடை தொடங்கியதும் எங்கள் நிலையத்துக்கு வருகின்ற தொலைபேசி அழைப்புகளிலே ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "கோயில் தேர் வருகுது, பிள்ளையின்ரை விளையாட்டுப் போட்டி வருகுது, ஊரிலையிருந்து அம்மாவும் வந்து நிக்கிறா. வடிவாய் வீடியோ எடுக்க என்ன கமரா வாங்கலாம்? போனே காணுமோ?" என்பதுதான் அந்தக் கேள்வி. நான் கமரா விற்பவன் அல்லன், கணக்குப் பார்ப்பவன். ஆகவே இந்த விடயத்தையும் ஒரு கணக்கைப் போலவே உங்கள் முன் வைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த நான்கைந்து ஆண்டுகளுக்குள் வெளிவந்த நடுத்தர விலைக் கைத்தொலைபேசி ஒன்று உங்களிடம் இருந்தால், பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே போதும். புதுக் கமராவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஒலிக்கும், கை நடுங்காமல் பிடிப்பதற்கும், எடுத்ததைப் பத்திரப்படுத்துவதற்கும் செலவிடுங்கள். தனிக் கமரா வாங்குவதற்கு மூன்று நியாயங்களே உண்டு. தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவர வேண்டும், மங்கிய வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், அல்லது நிறுத்தாமல் நீண்ட நேரம் எடுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுமே உங்களுக்குத் தேவையில்லை என்றால், கடைக்காரர் என்ன சொன்னாலும் பையைத் திறக்க வேண்டாம்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்? எங்கள் வீடுகளில் எத்தனை பேரிடம் தங்கள் கலியாணப் படம் இருக்கிறது? எத்தனை பேரிடம் தாய் தகப்பனின் இளவயதுப் படம் இருக்கிறது? இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் மடியில் கட்டியவர்கள் அல்பத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அன்று எங்களிடம் படங்கள் குறைவு, இருந்தவையும் தொலைந்தன. இன்று படங்கள் மலிந்துவிட்டன, ஆனால் போன் தண்ணீரில் விழுந்தால் ஐந்து வருடம் ஒரேயடியாகப் போய்விடுகிறது. எனவே எந்தக் கருவி என்ற கேள்வியோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கவேண்டும். இதை யார் பார்க்கப் போகிறார்கள்? இது எங்கே இருக்கப் போகிறது?

இனி அந்தப் புள்ளிக் கணக்குக்கு வருவோம். கடையிலே 4கே, 8கே என்று எழுதியிருப்பார்கள். வீடியோவின் ஒவ்வொரு படமும் சிறு புள்ளிகளால் ஆனது. புல் எச்டி என்பது அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 20 இலட்சம். 4கே என்பது 3840 தர 2160, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம். 8கே என்பது 7680 தர 4320, 3 கோடியே 31 இலட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு படியிலும் நான்கு மடங்கு.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 108 மெகாபிக்சல், 200 மெகாபிக்சல் என்று போன் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது நிழற்படத்துக்கான கணக்கு. 4கே வீடியோவின் ஒரு படத்தில் இருப்பது எட்டேகால் மெகாபிக்சல் மட்டுமே. ஆகவே வீடியோவுக்காக வாங்குபவர் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து ஒரு டொலரும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எது போதும்? வீட்டுத் தொலைக்காட்சி 55 அங்குலம், நீங்கள் பத்தடி தள்ளிச் சோபாவில் இருக்கிறீர்கள் என்றால், நல்ல புல் எச்டிக்கும் 4கேக்கும் இடையிலான வேறுபாட்டைச் சாதாரணக் கண்ணால் பிடிப்பது கடினம். ஆனாலும் 4கேயில் ஒரு வசதி உண்டு. பின்னர் கணினியில் வெட்டி, சனக்கூட்டத்தின் நடுவே நிற்கும் அம்மம்மாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கலாம். படத்தின் கால்வாசியை வெட்டி எடுத்தாலும் அது புல் எச்டி அளவில் இருக்கும். ஆகவே முக்கியமான நாட்களுக்கு 4கே, மற்றவற்றுக்குப் புல் எச்டி, 8கே யாருக்கும் அவசரமில்லை என்பதே என் ஆலோசனை.

புள்ளிகளுக்கு விலை இல்லையா? இருக்கிறது. அது இடக் கணக்கில் வரும். ஐபோன் ஒன்றில் புல் எச்டி, செக்கனுக்கு 30 படம் என்று எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மெகாபைட் பிடிக்கும். 4கே, 30 படம் என்றால் 170 மெகாபைட். 4கே, 60 படம் என்றால் 400 மெகாபைட். மணித்தியாலத்துக்குக் கணக்குப் பாருங்கள். முதலாவது 3.6 ஜிகாபைட், இரண்டாவது 10.2, மூன்றாவது 24. 128 ஜிகாபைட் போன் வைத்திருப்பவர் தேருக்குப் போய் மூன்றாவது முறையில் எடுத்தால், பாதித் தேர் வருமுன்னரே "இடமில்லை" என்று போன் சொல்லிவிடக்கூடும். பிள்ளை ஓடுவதையும் பந்து விளையாடுவதையும் எடுப்பதற்கு 60 படம் நல்லது. மற்ற எல்லாவற்றுக்கும் 30 படம் தாராளம்.

அடுத்தது வெளிச்சம். கமராவுக்குள்ளே ஒளியை வாங்குகின்ற சில்லுக்கு சென்சர் என்று பெயர். அது பெரிதாக இருந்தால் மங்கிய ஒளியிலும் படம் துப்புரவாக இருக்கும். விலை கூடிய சிறிய கமராக்களில் "1 அங்குல சென்சர்" என்று விளம்பரம் செய்வார்கள். உண்மையில் அதன் அளவு 13.2 மில்லிமீற்றர் தர 8.8 மில்லிமீற்றர். ஒரு அங்குலம் என்பது பழைய கமராக் குழாய்க் காலத்துப் பெயர், அளவு அல்ல. இருந்தாலும் பெரும்பாலான போன்களில் உள்ளதை விட அது பெரியதுதான். நல்ல வெயிலிலே இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மாலை ஏழு மணிக்குப் பிறகு, சுவாமி வெளிவீதி வருகின்றபோது தெரியும்.

வெயிலில் எங்களவர்களுக்கு வேறொரு பிரச்சினை உண்டு. பின்னாலே வெள்ளை வானம் அல்லது பனி, முன்னாலே எங்கள் கறுத்த, மாநிற முகங்கள். கமரா வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் நிழலாகிவிடும். இதற்குப் புதுக் கமரா தேவையில்லை. திரையிலே முகத்தின் மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடியுங்கள். அநேகமான போன்களில் வெளிச்ச அளவு அந்த முகத்துக்கே பூட்டப்படும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் அல்லது தோள் பக்கம் இருக்கட்டும். நடுப்பகலென்றால் ஆட்களை மரநிழலுக்கு அழையுங்கள். இந்த மூன்றும் காசில்லாத திருத்தங்கள்.

மூன்றாவது சூம். இதுதான் தனிக் கமராவின் உண்மையான பலம். லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவது ஒருவகை. உள்ள படத்தை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது இன்னொருவகை. பின்னையது டிஜிற்றல் சூம், அதை ஒரு வகை ஏமாற்று என்றே சொல்லலாம். சில விலைகூடிய போன்களில் 3 மடங்கு, 5 மடங்கு தூர லென்ஸ் தனியாக இருக்கிறது. அதற்குப் பின்னாலுள்ள சென்சர் பெரும்பாலும் சிறியது என்பதால் பகலில் நன்று, மாலையில் சுமார். 2019இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது மாதிரி சட்டைப் பைக்குள் போடக்கூடிய கமரா. அதன் லென்ஸ் எட்டு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாக்கும். மைதானத்தின் மறுகரையிலிருந்து பிள்ளையின் ஓட்டத்தை எடுக்கும் பெற்றோருக்கு இத்தகைய கமரா பொருந்தும். 2020இல் வந்த சோனி ஸீவி-1, 2025இல் வந்த கனன் பவர்ஷொட் வி1 போன்றவை வீடியோவுக்கென்றே செய்யப்பட்டவை. வெளி மைக் கொழுவும் துவாரம் இரண்டிலும் உண்டு. ஆனால் சூம் மூன்று மடங்கு அளவில்தான். முன்னால் நிற்பவரை எடுக்க நல்லவை, தூரத் தேருக்கு அல்ல.

நான்காவது நடுக்கம். நடந்துகொண்டு எடுத்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். 2023இல் வந்த டிஜேஐ ஒஸ்மோ பொக்கற் 3 என்ற சிறு கமரா இதற்கென்றே கைப்பிடி மேல் மூன்று அச்சில் சுழன்று தன்னைத்தானே சமன் செய்யும். 1 அங்குல சென்சரும் உண்டு. தேரோடு சேர்ந்து நடப்பவருக்கு இது நல்ல துணை. ஆனால் அதன் லென்ஸ் நகர்ந்து சூம் செய்யாது, தண்ணீரும் ஆகாது. கோப்ரோ போன்ற கமராக்கள் தண்ணீருக்கு அஞ்சாது, நடுக்கமும் குறைவு. ஆனால் மிக அகலமாகப் பார்ப்பதால் முகங்கள் குண்டுமணி அளவாகிவிடும். சைக்கிள் ஓடுவோருக்கும் நீந்துவோருக்கும் அவை சரி. நின்ற இடத்தில் எடுப்பவர்களுக்கு ஒரு சிறிய முக்காலியே இவை எல்லாவற்றையும் விடப் பயன்.

ஐந்தாவது ஒலி. வெளியிட வீடியோவில் பெரும்பாலும் கெடுவது படம் அல்ல, சத்தம். ஏரிக்கரைக் காற்று மைக்கில் அடித்தால் பேச்சு ஒன்றும் விளங்காது. இதையும் யோசியுங்கள். அப்பப்பா பூங்காவில் கதிரையில் இருந்து, தன் ஊர்க் குளத்தையும் வயலையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிச் சொல்கிறார். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பேரப்பிள்ளைகள் மன்னிப்பார்கள். அவருடைய குரல் கேட்காவிட்டால் அந்த வீடியோவால் என்ன பயன்? சட்டையில் கொழுவுகின்ற கம்பியில்லா மைக் ஒன்றும், அதற்குப் போடும் பஞ்சு போன்ற மயிர் உறையும் வாங்குங்கள். வாங்குமுன் உங்கள் போனின் துவாரத்தைப் பாருங்கள். ஐபோன்களில் 2023இல் வந்த 15ஆவது வரிசையிலிருந்து யூஎஸ்பி-சி துவாரம், அதற்கு முந்தியவற்றில் லைற்னிங் துவாரம். மாறி வாங்கினால் கடைக்கு இரண்டு நடை.

ஆறாவது தாக்குப்பிடிக்கும் தன்மை. ஐபோனைப் பாவிப்பதற்கு அப்பிள் நிறுவனம் சொல்கின்ற வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. ரொறன்ரோ ஜனவரியும் தெரியும், ஜூலையில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடக்கும் போனின் சூடும் தெரியும். குளிரில் பற்றரி விரைவில் இறங்கும், ஆகவே எடுக்கும் வரை உட்சட்டைப் பையில் வையுங்கள். சூட்டில் திரை மங்கி, பதிவு தானாக நின்றுவிடக்கூடும். சிறிய கமராக்களுக்கும் சூடு எதிரிதான். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் சில மாதிரிகள் 4கேயில் ஐந்து நிமிடத்தோடு நின்றுவிடும். மேலே சொன்ன கனன் வி1இல் சூட்டைத் தணிக்கச் சிறு மின்விசிறியே உள்ளே வைத்திருக்கிறார்கள்.

பல பழைய கமராக்கள் 29 நிமிடம் 59 செக்கனில் நின்றுவிடுவதற்குச் சூடு காரணமல்ல, சுங்க வரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கமராவை வீடியோக் கமரா என்று வகைப்படுத்தி, கூடிய தீர்வை விதித்தார்கள். நிறுவனங்கள் ஒரு செக்கனைக் குறைத்து அந்தத் தீர்வையைத் தவிர்த்தன. கணக்காளர் எங்கேயும் இருப்பார் பாருங்கள்! புதிய மாதிரிகள் பலவற்றில் இந்த எல்லை இல்லை. பழைய கமரா ஒன்றை மலிவாக வாங்குபவர்கள், அரங்கேற்றம் போன்ற நீண்ட நிகழ்ச்சியை எடுக்க எண்ணினால், இதை முதலில் விசாரியுங்கள்.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்குக் கூட்டிப் போவோம், அங்கே படகிலும் ஏறுவோம். ஐபி68 என்ற தரம் உள்ள போன் அந்தச் சாரலைத் தாங்கும். சட்டைப் பைக் கமரா பெரும்பாலும் தாங்காது.

இனி என்னுடைய பகுதி, காசு. எடுத்துக்காட்டாக ஒரு கமராவின் விலை 1,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். மேலதிகப் பற்றரி, மெமரி காட், பை என்று இன்னும் 150 டொலர். ஒன்ராறியோவில் 13 சதவீத எச்எஸ்ரி வரி சேர்ந்தால் மொத்தம் 1,299 டொலர் 50 சதம். நீங்கள் வருடத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் எடுக்கிறீர்கள் என்றால், நான்கு வருடத்தில் 40 மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 32 டொலர் 50 சதம் விழும். இப்போது கையிலுள்ள போனோடு மைக், முக்காலி, ஹாட் டிஸ்க் என்று 250 டொலருக்கு வாங்கினால், வரியோடு 282 டொலர் 50 சதம். மணித்தியாலத்துக்கு ஏழு டொலர் சொச்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கூடிய 25 டொலருக்கு உரிய பயன் உங்களுக்குக் கிடைக்குமா? தூரச் சூம் தேவைப்படுபவருக்குக் கிடைக்கும். மற்றவருக்கு அது அலுமாரிக்குள் கிடந்து தேயும் சொத்து.

மெமரி காட்டைப் பற்றியும் ஒரு சொல். 4கேக்கு ஆங்கில வீ எழுத்தும் 30 என்ற எண்ணும் அச்சிட்ட காட் வாங்குங்கள். செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைட் தொடர்ந்து எழுதும் என்பது அதன் பொருள். சந்தையில் போலிக் காட்கள் உலாவுகின்றன. நம்பிக்கையான கடையில் வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, எடுத்தது எங்கே இருக்கப் போகிறது என்ற கேள்வி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் வாங்கலாம். ஒரே ஒரு பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிகளை யார் மீட்பது? உங்கள் அம்மாவின் வீடியோவும் ஒரேயொரு போனில் இருக்கும்வரை அந்த ஏட்டுச்சுவடி போன்றதுதான். ஒரு பிரதி போனில் அல்லது கணினியில், இரண்டாவது ஹாட் டிஸ்கில், மூன்றாவது வேறொரு வீட்டில். அது ஸ்காபரோவில் இருந்தால் மிசிசாகாவிலுள்ள தம்பி வீட்டில், அல்லது மாதக் கட்டணம் கட்டும் இணையச் சேமிப்பில். 4கேயில் வருடம் பத்து மணித்தியாலம் எடுத்தால் ஏறத்தாழ 102 ஜிகாபைட். 1,000 ஜிகாபைட் டிஸ்க் ஒன்பது வருடத்துக்கும் மேலாகப் போதும். ஆனால் டிஸ்கும் பழுதாகும். வருடத்தில் ஒருநாள் திறந்து பாருங்கள், ஐந்தாறு வருடத்தில் புதியதுக்கு மாற்றுங்கள்.

இதோடு சேர்த்து, வீட்டில் பழைய வீஎச்எஸ் கசெற்றுகள் கிடந்தால் இந்தக் கோடையிலேயே கணினிக்கு மாற்றுங்கள். வீஎச்எஸ் கருவி செய்த கடைசி நிறுவனமாகிய யப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. நாடா நல்லாக இருந்தாலும், போட்டுப் பார்க்கக் கருவி கிடைக்காத நாள் தூரத்தில் இல்லை.

ஊருக்கு அனுப்புவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வட்ஸ்அப்பில் வழமைபோல அனுப்பினால் அது வீடியோவைச் சுருக்கிவிடும். நீங்கள் செலவழித்த புள்ளிகள் எல்லாம் அங்கே போய்ச் சேராது. வீடியோவாக அல்லாமல் 'டொக்கியுமென்ற்' என்ற வழியில் அனுப்பினால் 2 ஜிகாபைட் வரை எடுத்தபடியே போகும். அங்கே பழைய கணினியில் திறக்கவில்லை என்றால், ஐபோனின் கமரா செற்றிங்ஸில் போமற்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ற் கொம்பற்றிபிள்' என்பதைத் தெரிவு செய்து எடுங்கள். கோப்பு பெரிதாகும், ஆனால் எங்கும் ஓடும்.

கடைசியாக, எங்கள் சமூகத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை. போனில் எடுக்கும் வீடியோவுக்குள் எடுத்த இடத்தின் விபரமும் பதிவாகக்கூடும். எங்களுக்குள்ளே அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்கள் இருக்கிறார்கள். ஊரிலுள்ள உறவினரை நினைத்து முகம் காட்ட விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். பொது நிகழ்ச்சியில் எடுத்ததை எல்லோரும் பார்க்கப் போடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கமராவுக்குரிய இட விபரப் பதிவை நிறுத்தியும் வைக்கலாம்.

நேயர்களே, கடைக்குப் போகுமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரை மரநிழலில் இருத்தி, உங்கள் போனில் 4கே, 30 படம் என்று வைத்து, பத்து நிமிடம் பேசவிட்டு எடுங்கள். முதலில் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஊர், அன்றைய திகதி ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பின்னர் தொலைக்காட்சியில் போட்டு எல்லோரும் இருந்து பாருங்கள். படம் போதவில்லையா, சத்தம் போதவில்லையா, கை நடுங்கியதா என்பது அப்போது தெரிந்துவிடும். எது குறைவோ அதை மட்டும் வாங்குங்கள். ஒன்றும் குறைவில்லை என்றால் இன்னும் நல்லது. காசும் மிச்சம், பெரியவரின் பத்து நிமிடமும் உங்கள் கையில். உடனே அதை இரண்டாவது இடத்திலும் பிரதி செய்து வையுங்கள்.